மன்னர் முதுகுக்கு இருபது கசையடி

செம்பாறைச் சீமையை ஆண்ட உதயகேசரி மன்னருக்கு எதிரி என்று யாரும் கிடையாது, அவருடைய முதுகைத் தவிர. போருக்குப் போய் வந்த வலி அல்ல அது. காலையில் சிம்மாசனம், மத்தியானம் பஞ்சு மெத்தை, சாயங்காலம் பல்லக்கு என்று ஓய்வே இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி. மன்னர் "அப்பாடா" என்று முனகினால் சபைப் பிரபுக்கள் அத்தனை பேரும் தங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார்கள். ராஜ விசுவாசம்!

அரண்மனை வைத்தியர் அமிர்தநாதர் இதற்கென்றே ஒரு தங்கபஸ்பத் தைலம் காய்ச்சினார். நல்லெண்ணெயும் கொஞ்சம் கற்பூரமும்தான். தங்கம் புட்டியில் மட்டும் இருந்தது. அந்தப்புரமே மூச்சுத் திணறும்படி சாம்பிராணிப் புகை போட்டுவிட்டுத்தான் தடவுவார். புகையில் சில நாள் மன்னரைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும். நாலு மாதம் தடவியும் வலி அசையவில்லை.

"மன்னா, வலி பயந்துபோய் உள்ளே ஒளிந்திருக்கிறது. தைலம் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்" என்றார் வைத்தியர்.

சபையில் மன்னரைச் சிரிக்கவைக்கும் உத்தியோகம் பார்த்தவன் கூத்தன். அவனுக்கும் முதுகுவலி. நாளைக்கு நூறு தடவை குனிந்து கும்பிட்டால் யாருக்குத்தான் வராது? அவன் அரண்மனை வைத்தியரிடம் போகவில்லை; வேலாத்தாள் வீட்டுக்குப் போனான். அவள் புருஷன் மாரப்பன் மன்னரின் பல்லக்குத் தூக்கி. மன்னர் உட்கார்ந்ததால் மன்னருக்கு வலி. அதே மன்னர் உட்கார்ந்ததால்தான் மாரப்பனுக்கும் வலி.

கஞ்சாச் செடியில், கயிறு திரிக்க நார் உரிப்பார்களே, அந்தச் சாதியின் இலையைப் பறித்துவந்து எண்ணெயில் காய்ச்சி வைத்திருந்தாள் வேலாத்தாள்.

"போதை ஏறுமா தாயி?" என்று கேட்டான் கூத்தன்.

"போதைச் செடி வேறங்க. இதைத் தடவிக்கிட்டு யாரும் ஆடினதில்லை. வலி அடியோட போயிடும்னும் நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் இளகும். எந்திரிச்சு நடமாடலாம்."

இத்தனை அடக்கமாகப் பேசும் மருந்துக்காரியைக் கூத்தன் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே நம்பினான். ஒரு வாரத்தில் சிரமமில்லாமல் நிமிர்ந்தான்.

வண்டிக்காரர்களும் மூட்டை தூக்கிகளும் வேலாத்தாள் வீட்டில் கூடுவது வைத்தியர் காதுக்கு எட்டியது. உடனே நாட்டின் ஒழுக்கத்தைப் பற்றி அவருக்குக் கவலை வந்துவிட்டது. ஒரு சட்டம் எழுதிக்கொண்டு மன்னரிடம் போனார். கஞ்சா இலைத் தைலத்தை வைத்திருப்பவர், தடவுபவர், தடவிக்கொள்பவர், யாராக இருந்தாலும் முதுகில் இருபது கசையடி. மன்னர் படிக்காமலே முத்திரை குத்தினார். குனிந்து படிக்க முதுகு ஒத்துழைக்கவில்லை.

மறுநாளே வேலாத்தாளும் மாரப்பனும் சிறையில். பத்து நாள் கழித்து விசாரணை.

கூத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே ஒடிந்த முதுகு மாரப்பனுடையது. இருபது அடியை அது தாங்காது. கெஞ்சிப் பார்க்கலாம். ஆனால் மன்னர் தீர்ப்புச் சொல்லுமுன் வைத்தியர் முகத்தைப் பார்ப்பார். யோசித்தான். வேலாத்தாள் கொடுத்திருந்த தைலக் கலயத்தை மேல்துண்டில் மறைத்துக்கொண்டு அரண்மனை மருந்தறைப் பக்கம் போனான். மாட்டினால் தன் முதுகும் போகும் என்று தெரிந்தேதான் போனான்.

பத்தாம் நாள். மன்னர் சபைக்கு நடந்தே வந்தார். பிரபுக்களும் உடனே குணமானார்கள்.

"எல்லாம் தங்கபஸ்பத்தின் மகிமை!" என்று மார்தட்டினார் வைத்தியர்.

வேலாத்தாளையும் மாரப்பனையும் நிறுத்தினார்கள். கூத்தன் எழுந்தான். "சட்டம் சட்டம்தான் மன்னா. ஆனால் இவர்கள் வீட்டில் பிடித்தது கஞ்சாத் தைலம்தான் என்று ஒரு மேதை முகர்ந்து சொல்லவேண்டாமா? நம் வைத்தியரை விட்டால் யார்?"

மேதை என்றதும் வைத்தியர் முன்னால் வந்துவிட்டார். வேலாத்தாளின் தைலத்தை ஒரு கிண்ணத்தில் நீட்டினான் கூத்தன்.

"சீச்சீ! கஞ்சா இலை!"

இரண்டாவது கிண்ணத்தை நீட்டினான். "இது?"

"இதுவும் அதே இலை, அதே விஷம்!"

"நிச்சயமாகவா?"

"என் வைத்தியத்தின் மேல் ஆணை!"

"மன்னா, இரண்டாவது கிண்ணம் தங்கள் தங்கப் புட்டியிலிருந்து ஊற்றியது."

மன்னரின் முகம் சிவந்தது. "என் புட்டியில் கைவைத்தாயா?"

"வைத்தேன் மன்னா. பழைய தைலத்தைக் கொட்டிவிட்டு வேலாத்தாளுடையதை ஊற்றினேன். சாம்பிராணிப் புகையில் வைத்தியர் மூக்குக்கு அது எட்டவில்லை. பத்து நாளாகத் தங்கள் முதுகு நம்பியது அவளைத்தான்."

வைத்தியர் குதித்தார். "ராஜத் துரோகம்! கூத்தனுக்கு இருபது அடி!"

"சரி, வைத்திருந்த எனக்கு இருபது" என்றான் கூத்தன். "தினமும் தடவியது யார்?"

வைத்தியர் குதிப்பதை நிறுத்தினார்.

மன்னர் மெல்லக் கேட்டார். "அப்படியானால் தடவிக்கொண்டவர்?"

கூத்தன் விதானத்தைப் பார்த்தான். "தங்கள் முத்திரை போட்ட சட்டம் மன்னா. ஆனால் நிறைவேற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது."

"என்ன சிக்கல்?"

"இருபது அடி அடித்தால் தங்களுக்கு முதுகு வலிக்கும். வலித்தால் இந்தத் தைலத்தைத் தடவவேண்டும். தடவினால் மறுபடி இருபது அடி. மறுபடி வலி, மறுபடி தைலம், மறுபடி அடி. இப்படியே போனால் நாட்டை ஆளத் தங்களுக்கு நேரம் எங்கே மன்னா?"

மன்னர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, சட்ட ஓலையைத் தம் கையாலேயே கிழித்தார். அரண்மனை மருந்தறைச் சாவி வேலாத்தாள் கைக்குப் போனது. கூத்தனுக்கு ஒரு முத்துமாலை. மாரப்பனுக்கு மூன்று மாத ஓய்வு.

"ஆனால் மன்னா, அதுவரை பல்லக்குக்கு ஓர் ஆள் குறையுமே?" என்றான் கூத்தன், மிகுந்த கவலையோடு.

மன்னர் வைத்தியரின் தோள்களை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். இரண்டும் நல்ல அகலம்.