விட்டுப்போன ஐந்தாவது பெயர்

ஒரு வீடு கைமாறிய கதை இது. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், அதனால் அரைக்காதில் கேட்காதீர்கள். இதில் பொய் சொன்னவர்கள் இரண்டு பேர், வீட்டை விற்ற அண்ணன் தம்பிகள். அவர்கள் அயோக்கியர்கள். அதைக் கண்டுபிடிக்க உங்கள் மூளை தேவையில்லை. அவர்களை இப்போதே ஓரமாக நிறுத்திவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் தனபாக்கியம் என்றொரு அம்மாள், சத்துணவு அமைப்பாளர். அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது வாடகை வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்றார். "பொணத்த உள்ள கொண்டு வராதீங்கம்மா. அப்புறம் இந்த வீட்டுக்கு யாரும் குடி வரமாட்டாங்க" என்றார். வண்டி அப்படியே மயானத்துக்குப் போனது. மாலையோடு வந்த உறவுக்காரர்கள் தெருவில் நின்றார்கள். அந்த அம்மாள் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். செத்தால் தன்னை ஒரு பொழுதாவது கிடத்த, சொந்தமாக ஒரு கூடம் வேண்டும். கணவர் வேலை பார்த்த மில்லிலிருந்து வந்த பணத்தையும் ஊர் நிலத்தை விற்ற பணத்தையும் அதற்காகவே வங்கியில் போட்டுவைத்தார்.

வீடு பார்க்கத் துரைக்கண்ணு என்ற தரகரைப் பிடித்தார். நம் ஊர் வீட்டுத் தரகர்களைத்தான் தெரியுமே. விற்கிறவரிடமும் கமிஷன், வாங்குகிறவரிடமும் கமிஷன். தான் யாருடைய ஆள் என்று அவருக்கே தெரியாது. துரைக்கண்ணு அந்த ரகம் இல்லை. வாங்குகிறவருக்கு மட்டும் வேலை செய்வார். "விக்கிறவன் வீட்டுல நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்பார். மற்ற தரகர்கள் பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சிரித்தார்கள். தனபாக்கியத்திடம் அவர் கொடுத்த வாக்கு இது: "பத்திரத்துல கோளாறு இருந்தா முதல் ஆளா உங்கிட்ட சொல்லிருவேம்மா."

ஒரு வீடு அமைந்தது. அகலமான கூடம், நல்ல தண்ணீர். வீட்டுக்காரர் உயில் எழுதாமல் இறந்தவர், மனைவி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் இரண்டு மகன்களின் பெயர் மட்டும் இருந்தது. ஆனால் பழைய காகிதக் கட்டில் கிடந்த ரேஷன் கார்டு நகலில் ஐந்து பெயர்கள். ஐந்தாவது பெயர் பொன்மலர், மகள்.

துரைக்கண்ணு தெருவில் விசாரித்தார். பொன்மலர் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அண்ணன்கள் அவளைத் தலைமுழுகிவிட்டு, சான்றிதழிலும் பெயரை விட்டுவிட்டார்கள். தெருவுக்கே இது தெரியும். நமக்கெதுக்கு வம்பு என்று வெளியாளிடம் யாரும் தானாக வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பது மட்டும் இஸ்திரிக்காரர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. அவர் துரைக்கண்ணுவின் காதில் சொன்னார்.

திருப்பூருக்குப் போனார் துரைக்கண்ணு. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே பொன்மலர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஐயா, நான் இருக்கிற எடத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. எங்கண்ணங்க வந்தா என் வீட்டுக்காரர உயிரோட விடமாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஊர் திரும்பியதும், "இந்த வீடு வேணாம்மா" என்றார் தனபாக்கியத்திடம்.

"ஏண்ணே?"

"கேக்காத. வேணாம்னா வேணாம்."

மூன்று நாள் மூன்று தடவை கேட்டார் அந்த அம்மாள். ஒவ்வொரு தடவையும் அதே "கேக்காத"தான். வேறு யாரோ கூடுதலாகக் கமிஷன் தருகிறார்கள், இவர் நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அலைந்ததற்கு உண்டானதைக் கொடுத்து, "நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார். இன்னொரு தரகர் பத்தே நாளில் பத்திரப் பதிவை முடித்துக் கொடுத்தார். அவர் எந்த ரேஷன் கார்டையும் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழிந்தது. பொன்மலரின் கணவர் லாரி மோதி இறந்துபோனார். கையில் இரண்டு பிள்ளைகள். இனி ஒளிந்திருந்து யாரைக் காப்பாற்றுவது? அப்பா வீட்டில் மூன்றில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போட்டாள். அந்தப் பங்குக்கு ஈடாகக் கொடுக்கத் தனபாக்கியத்திடம் தம்பிடி இல்லை. தீர்ப்பு வந்தால் வீடு ஏலத்துக்குக்கூடப் போகலாம். விற்ற அண்ணன்கள் போன இடம் தெரியவில்லை.

தனபாக்கியம் துரைக்கண்ணு வீட்டுக்கு ஓடினார். "உங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

"அடப்பாவி மனுஷா! வேணாம்னு சொன்ன வாய்க்கு ஏன்னு சொல்ல வரலையா? எங்கிட்டக் கூலி வாங்கிட்டு யாருக்கு வேல பாத்தீங்க?"

கோர்ட் வாசலில் பொன்மலரும் அழுதாள். "அந்தம்மா வயித்துல அடிக்கணும்னு எனக்கு வேண்டுதலா? எம்பிள்ளைகளுக்குச் சோறு வேணுமே" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் உயிர்ப் பயத்தை மதித்து வாயை மூடிக்கொண்ட தரகரா, ஒளிந்திருந்துவிட்டுப் பிறகு பங்கு கேட்டு வந்த பொன்மலரா, நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டு விரட்டிய தனபாக்கியமா? இந்த மூவரில் தவறு யாருடையது?

விடை: பொன்மலர் கேட்டது தன் பங்கை, பிறத்தியார் சொத்தை அல்ல. தனபாக்கியம் மூன்று தடவை காரணம் கேட்டவர். பதில் கிடைக்காதவர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்? தவறு துரைக்கண்ணுவுடையதுதான். சொல்லவே கசக்கிறது, அந்த மூவரில் யாருக்கும் கெடுதல் நினைக்காமல் அதிகம் அலைந்தவர் அவர். பொன்மலர் மறைக்கச் சொன்னது தான் இருக்கும் இடத்தை மட்டும். "இவங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கு, அது கையெழுத்து இல்லாம வாங்காத, தெருவுல கேட்டுப் பாரு" என்று சொல்லியிருந்தால் போதும். திருப்பூர் என்ற பேச்சே வந்திருக்காது, இரண்டு வாக்கும் நின்றிருக்கும். இதை நான் அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அண்ணங்காரனுங்க மாதிரியே நானும் அந்தப் பிள்ளைய இல்லாம ஆக்கிட்டேனே" என்றார்.