வார்னிஷ் குடித்த காகிதம்

லாசர் மாஸ்டருக்கு ஒரே ஒரு சிஷ்யை. அந்தச் சிஷ்யை மாஸ்டரைவிட ஆறு வயது மூத்தவர்.

பட்டறைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "இதுல யாருக்கு யாரு மாஸ்டர்?" என்பார்கள். செசிலி பதில் சொல்ல மாட்டார். அவர் லாசரை மாஸ்டர் என்றார். லாசர் அவரை அக்கா என்றார். இருவருக்கும் அதில் குழப்பம் இல்லை.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பு லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பட்டறை. கிட்டார் வாசிக்கிறவர்கள் தங்கள் பழைய வால்வு ஆம்ப்களை அங்கே தூக்கி வருவார்கள். கிட்டாரின் ஓசையைப் பெருக்கித் தரும் மரப்பெட்டிகள் அவை. சுவிட்சைப் போட்டால் உள்ளே கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவக்கும். கப்பலில் போன அப்பாவோ மாமாவோ ஏதோ ஒரு ஊரில் வாங்கி வந்த பெட்டிகளாக இருக்கும்.

கெட்டுப்போனதால் மட்டும் யாரும் அவற்றைக் கொண்டுவரவில்லை. "டோன் இன்னும் கொஞ்சம் நல்லா வரணும் மாஸ்டர்" என்றுதான் வருவார்கள். லாசர் ஒரு கண்டென்சரை மாற்றுவார். ஒரு ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டுவார். பின்பலகையை ஒரு விரல்கடை விலக்குவார். பெட்டி வேறு ஆளைப் போலப் பேசும்.

செசிலி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். பம்பாயில் ஒருவர் மூச்சுவிடுவதை இரைச்சலுக்கு நடுவே கேட்டு, "லைன்லதான் இருக்காங்க, பேசுங்க" என்று சொன்ன காது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தம்பி மகனின் ஆம்பைச் சரிபார்க்கக் கொண்டுவந்தவர், அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

முதல் நாள் அவர் கேட்டார்: "மாஸ்டர், நல்ல டோன்னா என்ன?"

லாசர் ஒரு ஆம்பைப் போட்டார். கிட்டாரை மடியில் வைத்து ஒரு பழைய மெட்டை வாசித்தார். "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர்."

லாசர் பெட்டியைத் திருப்பினார். பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்றின் கம்பி கழன்று தொங்கியது. இன்னொன்றின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது.

செசிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடியில கர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு மாஸ்டர். சொல்லலாமா வேண்டாமான்னு..."

"கேட்டுச்சு, இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்போ மரியாதைக்குச் சொல்லியிருக்கீங்க." லாசர் சிரித்தார். "இங்க எனக்கு மரியாதை வேண்டாம்க்கா. ஒரு டீ வாங்கித் தாங்க, போதும்."

பக்கத்து டீக்கடையிலிருந்து அதன்பின் எத்தனையோ டீ வந்தது. செசிலி ஈயம் வைக்கக் கற்றார். எந்த வால்வு சாகப்போகிறது என்பதை அதன் முனகலிலேயே கண்டுபிடிக்கக் கற்றார். மாஸ்டருக்கு விதிகள் அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார்.

"கம்பியில செஞ்சதைக் கழற்றிடலாம்க்கா. காகிதத்துல செஞ்சதைக் கழற்ற முடியாது. பழைய ஸ்பீக்கரோட காகிதத்தை மட்டும் தொடாதீங்க. அது இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அப்படி ஆகியிருக்கு."

மாஸ்டரின் கையில் ஒரு பழைய எலெக்ட்ரானிக் கடிகாரம். மணிக்கொரு தரம் கீச் கீச்சென்று கத்தும். கத்தும்போதெல்லாம் மாஸ்டர், கொசுவை அடிப்பதுபோல் அதைத் தட்டுவார். ஒருநாள் அது கத்தியது. மாஸ்டர் தட்டவில்லை. அடுத்த மணிக்கும் தட்டவில்லை.

இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர் லாசர். இடது காதுக்கு அரை முழத்தில் சிம்பல் தட்டு. செசிலி அதை நினைத்துப் பார்த்தார். பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

அந்த மாதம் மதுரையிலிருந்து ஒரு ஆம்ப் வந்தது. மாஸ்டர் வேலையை முடித்து வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு தந்தியும் ஊசியாகக் குத்தியது.

"கொஞ்சம் கூர்மையா இருக்கோ மாஸ்டர்?"

லாசரின் கை தந்தியில் நின்றது. "கூர்மையாவா? மந்தமால்ல இருக்கு." மறுபடி வாசித்தார். தலையைச் சாய்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து நின்றது. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனவரின் முகம்.

செசிலியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இல்ல மாஸ்டர், என் காதுதான். காலையிலேர்ந்து அடைச்சிருக்கு."

"ஆவி பிடிங்கக்கா" என்றார் லாசர். அவருக்கு மூச்சு திரும்பி வந்தது.

மதியம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். செசிலி அந்த ஆம்பைத் திறந்தார். மிளகளவு கண்டென்சர் ஒன்றை உள்மூலையில், பார்த்தால் தெரியாத இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். அது உச்ச ஓசைகளைச் சீவி எடுத்துவிடும். வாசித்துப் பார்த்தார். குத்தல் போயிருந்தது. மூடி போட்டு, திருகுகளை முன்பு இருந்தபடியே முறுக்கினார்.

மதுரைக்காரர் போன் செய்து மாஸ்டரைப் புகழ்ந்தார்.

அதன்பின் அது ஒரு பழக்கமாயிற்று. மாஸ்டர் செய்வார். சாப்பிடப் போவார். செசிலி திறப்பார். ஆம்ப்கள் நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் போயின. புகழ் திரும்பி வந்தது. "உங்க கை இப்பதான் மாஸ்டர் பழுத்திருக்கு" என்றார்கள்.

"கை இல்லக்கா, காது" என்றார் லாசர் ஒருநாள், டீயை உறிஞ்சியபடி. "இந்த ரெண்டு வருஷமா என் காது முன்ன எப்பவும் இல்லாத மாதிரி தெளிஞ்சிருக்கு. எதைத் தொட்டாலும் சரியா வருது. பயமே போயிருச்சு."

செசிலி தம்ளரைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

தியோடர் என்று மாஸ்டருக்கு ஒரு நண்பர். ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தவர். அவரிடம் ஒரு ஆம்ப் இருந்தது. அவருடைய அப்பா கப்பலிலிருந்து இறங்கும்போது தோளில் தூக்கி வந்தது. அதே ஸ்பீக்கர், அதே காகிதம். அதில் ஒரு தந்தியைத் தட்டினால், ஓசை முதலில் மரத்துக்குள் போய் உட்கார்ந்து, பிறகு எழுந்து வரும். மாஸ்டரே செசிலியை ஒருமுறை அழைத்துப் போய் அதைக் கேட்க வைத்திருக்கிறார். "நீங்க கேட்டீங்களே, நல்ல டோன்னா என்னன்னு. இந்தாங்க" என்றார்.

மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் தியோடர் பட்டறைக்கு வந்தார்.

"ஏலே லாசர், பெட்டி கொஞ்சம் மந்தமா இருக்குலே. வெளி மேடைக்குப் பத்தாது. ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வந்து பாரு. உன் கையைத் தவிர வேற எவன் கையும் அதுல படக்கூடாது."

"அப்போ மீன் குழம்பு வைக்கச் சொல்லு. வெறும் வயித்தோட என் கை ஓடாது."

ஞாயிற்றுக்கிழமை செசிலி கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வால்வு மாற்றுவார், இல்லையென்றால் ஒரு கண்டென்சர் போடுவார், பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பந்தியில் உட்கார்ந்தார்.

திங்கள்கிழமை மாஸ்டர் பாடிக்கொண்டே பட்டறையைத் திறந்தார்.

"அக்கா, நேத்து ஒரு வேலை செஞ்சேன். வாழ்க்கையில செய்யாத வேலை. அரக்கு வார்னிஷைக் கரைச்சு, ஸ்பீக்கர் காகிதம் முழுக்க ரெண்டு கை அடிச்சேன். காகிதம் விறைச்சா ஓசை தெளியும்ல? கண்ணாடி மாதிரிக் கேக்குதுக்கா!"

"காகிதத்துலயா மாஸ்டர்?"

"முன்னாடின்னா தொட்டிருக்க மாட்டேன். இப்ப காது சொல்லுது, கை செய்யுது."

"தியோடர் என்ன சொன்னார்?"

"'பிரமாதம்லே'ன்னான். கட்டிப் பிடிச்சுக்கிட்டான்."

அன்று மதியம் மாஸ்டர் சாப்பிடப் போனதும் செசிலி தியோடரின் வீட்டுக்கு ஓடினார்.

தியோடர் அவரை உள்ளே அழைத்துப் போனார். ஆம்பைப் போட்டு ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். தகரக் கொட்டகைமேல் கல் விழுந்த மாதிரி ஓர் ஓசை வந்தது. எங்கேயும் உட்காராமல் நேராகப் பல்லில் வந்து இறங்கியது.

"அவன் முகத்தைப் பார்த்தேன்க்கா" என்றார் தியோடர். "அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்லச் சொல்றீங்க? நல்லா இருக்குலேன்னுட்டேன்."

செசிலி பையிலிருந்து ஒரு கண்டென்சரை எடுத்தார். பெட்டியைத் திறந்து, பழகிய மூலையில் பற்றவைத்தார். தியோடர் மறுபடி தட்டினார். குத்தல் போயிற்று. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. வேறொன்றைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் அப்படித்தான் இருந்தது.

ஸ்பீக்கரைத் தடவினார். காகிதம் நகம்போல் இறுகியிருந்தது. குடித்ததை அது இனித் திருப்பித் தராது.

"அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது" என்றார் தியோடர். "சுவிட்சைப் போட்டுட்டு, வால்வு சிவக்கிறதைப் பார்த்துட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. 'வாசிலே'ம்பாரு." ஒரு பழைய போர்வையை எடுத்துப் பெட்டிமேல் போட்டார். "லாசருக்குக் காது போயிருச்சுல்ல?"

செசிலி தலையசைத்தார்.

"நேத்துதான் எனக்குத் தெரிஞ்சது. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

செசிலி கழற்றிய கண்டென்சரை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். தியோடர் இரண்டாவது முறை கேட்கவில்லை.

செசிலி பட்டறைக்குத் திரும்பியபோது மாஸ்டர் ஒரு ஆம்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். செசிலி அவர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தார்.

"என்னக்கா, கண்டென்சரா? எதுக்கு?"

செசிலி சொன்னார். மதுரை ஆம்பின்போது காது அடைத்திருக்கிறது என்று சொன்னதிலிருந்து தொடங்கி, தியோடரின் போர்வை வரை எல்லாவற்றையும் சொன்னார்.

மாஸ்டர் எழுந்து, அந்தக் கண்டென்சரை வாங்கினார். அதை ஒரு சுவிட்சோடு சேர்த்து, திறந்திருந்த ஆம்பில் பற்றவைத்தார். கிட்டாரை எடுத்துக்கொண்டு, ஆம்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் வாசிக்கிறேன். நீங்க சுவிட்சைப் போடுங்க, எடுங்க. உங்க இஷ்டம். மாறும்போது நான் சொல்றேன்."

அவர் வாசித்தார். கண்ணை மூடியிருந்தார். முதல் நாள் வாசித்த அதே மெட்டு. செசிலி சுவிட்சைத் தள்ளினார். ஊசிகள் கிளம்பின. இழுத்தார். அடங்கின. மறுபடி தள்ளினார். மாஸ்டரின் தலை ஒரே சாய்வில் இருந்தது.

மெட்டு முடிந்தது. "மாத்துங்கக்கா. ஏன் சும்மா இருக்கீங்க?"

"மாத்திட்டேன் மாஸ்டர்."

"எப்போ?"

செசிலி சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "வாசிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து மாத்திட்டேதான் இருந்தேன்."

லாசர் கிட்டாரை மெல்லச் சுவரில் சாய்த்தார். அது சரிந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"அப்போ போன் பண்ணிப் பாராட்டினாங்களே..." என்று தொடங்கி, அங்கேயே விட்டார்.

வெளியே ஒரு உப்பு லாரி கிளம்பிப் போனது. அந்த உறுமலை இருவருமே கேட்டார்கள். அது போன பிறகு, கீச் கீச்சென்று வேறொரு சத்தம் வந்தது. செசிலியின் பார்வை தன்னையறியாமல் மாஸ்டரின் மணிக்கட்டுக்குப் போனது.

மாஸ்டர் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார். "அடிக்குதா?"

"அடிச்சு ஓஞ்சிருச்சு மாஸ்டர்."

அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

திட்டினால் தேவலை என்று இருந்தது செசிலிக்கு. அவர் திட்டவில்லை. அலமாரியில், மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்த வார்னிஷ் டப்பாவை எடுத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். மூடிய பிறகும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே நான் சொல்லியிருந்தா," செசிலி கேட்டார், "என்ன செஞ்சிருப்பீங்க மாஸ்டர்?"

லாசர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"அழுதிருப்பேன்க்கா. அழுது முடிச்சுட்டு, இந்த டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டிருப்பேன்."