நாலு விரல் உயரம்

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனி. குழந்தைகளுக்கான இருமல் மருந்து அங்கே பாட்டில் பாட்டிலாக வரிசையில் நகரும். பாட்டில் வந்ததை ஒரு சென்சார் உணர்ந்து, கேமராவுக்குச் சமிக்ஞை அனுப்பும். கேமரா மூடியைப் படம் பிடிக்கும். சீல் இல்லாததை இயந்திரம் வெளியே தள்ளிவிடும்.

அந்தக் கேமராவுக்குப் பொறுப்பு சவரிமுத்து. ஐம்பத்திரண்டு வயதில், தன்னைவிட இருபது வயது இளைய ஜமீலா டீச்சரிடம் மாலை வகுப்பில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்திலிருந்த கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம், பாட்டிலே வராமல் கேமரா படம் பிடித்தது. கணக்கு ஒரு பாட்டில் தள்ளிப்போய், நல்ல பாட்டில் வெளியே விழுந்தது. முந்தின நாள் சீல் இல்லாத பாட்டில் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணின் கண்ணில் அது பட்டதால் தப்பித்தார்கள்.

சென்சாரிலிருந்து கேமராவுக்குப் போகும் கம்பியை மாற்றிப் பார்த்தார். அலுமினியத் தாள் சுற்றினார். இரும்புக் குழாய்க்குள் விட்டார். கடைசியில் கம்ப்ரஸரை எட்டி உதைத்தார். கால் வீங்கியதுதான் மிச்சம்.

டீச்சரைக் கூட்டி வந்தார்.

"கம்ப்ரஸர் ஓடினா கம்பியில வோல்டேஜ் கண்டபடி குதிக்குது. இந்தச் சனியன் பிடிச்ச மின் இரைச்சலை எப்படி டீச்சர் நிறுத்துறது?"

கேமராவில் சமிக்ஞைக்கு இரண்டு முனைகள். ஒன்றில் சென்சாரிலிருந்து வந்த ஒற்றைக் கம்பி. மற்றதை எர்த்தில் கட்டியிருந்தார் சவரிமுத்து.

"வோல்டேஜ் ஏறிச்சா இறங்கிச்சான்னு கேமரா எதை வச்சுப் பாக்குது அண்ணே?"

"எர்த்தை வச்சுத்தான்."

"எர்த் அசையாதா?"

"எர்த் எங்க டீச்சர் அசையும்? நான் ஒன்னு கேட்டா நீங்க ஒன்னு..."

டீச்சர் அவரைச் சரக்கு லிஃப்டுக்குள் அழைத்துப்போய்க் கதவை இழுத்தார். லிஃப்ட் குலுங்கியபடி ஏறியது.

"கீழ்த் தரையிலேருந்து உங்க தலை எவ்வளவு உயரத்துல இருக்கு?"

"ஏறிக்கிட்டே இருந்தா எப்படிச் சொல்றது?"

"என்னைவிட எவ்வளவு உயரம்?"

"நாலு விரல் இருக்கும்."

லிஃப்ட் மேலே போய் நின்று, மறுபடி இறங்கியது.

"இப்ப?"

"அதே நாலு விரல்தான்! இதைக் கேக்கவா..." எரிந்து விழ வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்ததும், "சென்சார் பக்கத்துலயே ஒத்தைக் கம்பியை ரெண்டாக்கணும்," என்றார் சவரிமுத்து மெதுவாக. "பாட்டில் வந்தா ஒன்னு ஏறணும், இன்னொன்னு இறங்கணும். இரைச்சல் ரெண்டையும் இந்த லிஃப்ட் மாதிரி ஒன்னாத்தான் தூக்கும். கேமரா ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை மட்டும் பாக்கணும்."

டீச்சர் கைப்பையிலிருந்து, ஒரு சமிக்ஞையை அப்படி எதிரெதிராக இரண்டாக்கும் நகத்தளவு ஐ.சி. சில்லு ஒன்றை எடுத்து நீட்டினார்.

சவரிமுத்துவே அதைச் சென்சார் பக்கத்தில் பற்றவைத்தார். அதிலிருந்து வந்த இரண்டு கம்பிகளையும் பின்னல்போல முறுக்கி, எர்த்தைக் கழற்றிவிட்டுக் கேமராவின் இரண்டு முனைகளிலும் பொருத்தினார். பிறகு கம்ப்ரஸரை எட்டு முறை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். பாட்டில் வந்தபோது மட்டுமே கேமரா படம் பிடித்தது.

"அப்பாடா! ஒழிஞ்சுது டீச்சர் இரைச்சல்."

"எங்க ஒழிஞ்சுது?" என்றார் டீச்சர். "ரெண்டு கம்பியிலயும் முன்ன மாதிரியேதான் வந்துக்கிட்டு இருக்கு. கேமராதான் அதைக் கண்டுக்கல அண்ணே."