ஒயர்கூடை கேட்டுக் கொடுத்த கேள்வி

வெளிநாட்டுலேருந்து ஏரோப்ளேன் ஏறி, ஒரு கேள்வித்தாள் சின்ன டவுன் ஆஸ்பத்திரி ஒண்ணுல வந்து எறங்குச்சு. வழியில யாரோ படிச்சவரு அதுக்குத் தமிழ்ல ஒரு சட்டை தெச்சுப் போட்டு அனுப்பியிருந்தாரு. சட்டை நல்ல இஸ்திரி. உள்ள இருக்கிற ஒடம்புதான் அப்படியே வெளிநாடு.

யாருக்கு எவ்ளோ மூச்சு வாங்குதுன்னு மார்க் போடறது அதோட வேல. மார்க் ஏறுனா இதய டாக்டரப் பாக்கலாம். ஏறலன்னா சத்து மாத்திரையோட வீட்டுக்குப் போவணும்.

மேஜையில நூல் கட்டிப் போட்டிருந்த பேனா அதச் சீண்டுச்சு. "அண்ணே, நேத்து ஒரு பெரியவர, புல்வெளியில் பந்து தட்டும்போது மூச்சு வாங்குகிறதான்னு கேட்டியே. இந்த வயசுல என்னை எவன்டா டீம்ல சேப்பான்னு அவரு பாவமா முழிச்சாரு."

"அத ஏன்டா ஞாபகப்படுத்தற? எனக்கே என்னை நெனச்சா சிரிப்பா இருக்கு. பன்னெண்டு கேள்வி வெச்சிருக்கேன், பாதி எனக்கே புரியல."

அப்பதான் பூங்காவனம் உள்ள வந்தா. ஒயர்கூடைய காலடியில வெச்சிட்டு பெஞ்சுல உக்காந்தா. நர்ஸ் ஜெசிந்தா கேள்விய படிச்சாங்க.

"அக்கா, வீட்டு வேல செய்ய செரமமா இருக்கா?"

"நான் செய்யாம யார் செய்வா? செஞ்சிடுவேன்."

பேனா 'இல்லை'யில டிக் போட்டுச்சு.

"தண்ணி தூக்க?"

"தூக்கிடுவேன்."

"நடக்க?"

"நடந்துதான சிஸ்டர் வந்தேன்." அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்ச இழுத்தா.

இப்படியே பதினோரு கேள்வி போச்சு. "மார்க் முட்டை, அண்ணே," பேனா சொல்லுச்சு. "ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லயாம்."

"கண்ணு முன்னாடி மூச்சு எரைக்குதேடா."

"அது உன் லிஸ்ட்ல இல்லயே."

கேள்வித்தாளுக்கு ஓரமெல்லாம் வேர்த்துச்சு. "நான் முடியுதான்னு கேக்கறேன். இவ முடியலன்னாலும் செய்யறவ. இவள வீட்டுக்கு அனுப்பிட்டா வழியிலயே விழுந்துடுவாளே. ஏரோப்ளேன் டிக்கெட் தண்டம்டா எனக்கு."

கீழேருந்து ஒயர்கூடை பேசுச்சு. "வர்ற வழியில இவ என்னை எத்தன எடத்துல எறக்கி வெச்சான்னு கேளு."

"அச்சடிச்சதத் தாண்டி எனக்குப் பேச வராதே."

"வெளங்குனாப்பலதான். தள்ளு," ன்னு கூடை சாஞ்சுச்சு. உள்ள இருந்த பூசணிக்கா உருண்டு நர்ஸ் காலுல முட்டுச்சு.

ஜெசிந்தா அத எடுத்துப் போட்டு, கூடைய நிமுத்துனாங்க. "என்னக்கா இந்தக் கனம்? பஸ் ஸ்டாப்புலேருந்து எப்படித் தூக்கினு வந்தீங்க?"

"மவ வூட்டுக்கு. எறக்கி வெச்சி எறக்கி வெச்சிதான். டீக்கடையாண்ட ஒண்ணு, கேட்டாண்ட ஒண்ணு, படியில ரெண்டு."

"போன வருசம்?"

"அப்பலாம் ஒரே தூக்கு."

ஜெசிந்தா கேள்வித்தாளத் தன் பக்கம் இழுத்தாங்க. அப்புறம் பேனாவ எடுத்து போட்ட டிக் எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சாங்க. மேல 'நாலு எடம்'னு எழுதி, இதய டாக்டருக்குச் சீட்டு கிழிச்சாங்க.

கேள்வித்தாள் ஒடம்பெல்லாம் கோடு. இருந்தாலும் மூச்சு வந்துச்சு அதுக்கு.

இன்னும் கடைசிக் கேள்வி ஒண்ணு பாக்கி. "அக்கா, இந்தக் கேள்வியெல்லாம் புரிஞ்சுக்க செரமமா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர்."

"இவளுக்கு இல்லதான்," கேள்வித்தாள் பேனா காதுல சொல்லுச்சு. "என் பேர்ல ஒரு டிக் போடு. ரொம்ப செரமம்."