இந்த வரிசை முடியட்டும்

மலைச்சரிவில் ஒரு சோலைக்காடு. அதன் ஓரத்தில், ஒரு பாறைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள் வேலம்மா என்ற முள்ளம்பன்றி. அவளுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவள் கூரி, இளையவன் சுண்டு. கணவன் ஒருவனும் உண்டு. வளையின் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பான்.

குட்டிகளுக்கு இன்னும் முள் முற்றவில்லை. புல் மாதிரி வளையும். அது முற்றும்வரை தாயின் முதுகுதான் அவர்களுக்குக் காவல்.

வேலம்மாவுக்குப் பின்னல் என்றால் உயிர். ஆட்டு மந்தை உரசிப்போன புதர்களில் ஒட்டியிருக்கும் கம்பளி மயிரைப் பொறுக்குவாள். முறுக்கி நூலாக்குவாள். தன் முதுகிலிருந்து உதிர்ந்த இரண்டு முட்களையே ஊசியாக்கிக்கொள்வாள். ஊசியில் கண்ணி கண்ணியாக நூலை ஏற்றி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பின்னினால் ஒரு வரிசை.

"எட்டுக் குஞ்சு பொரிச்சவ நான். ஒரு நாளாவது இப்படி நூலும் ஊசியுமா உட்கார்ந்திருப்பேனா?" என்பாள் பக்கத்துப் புதர்க் காட்டுக்கோழி.

"நீ உட்கார்ந்ததாலதானே எட்டும் பொரிஞ்சுது" என்பாள் வேலம்மா, தலை நிமிராமல்.

அவளைக் குறை சொல்ல முடியாது. காலையில் தோண்டிய கிழங்கு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பெருக்கிய வளையில் அடுத்த நிமிடமே மண் கொட்டும். துடைத்த மூக்கு மறுபடி ஒழுகும். செய்த வேலை செய்தபடியே நிற்பது அந்தப் பின்னல் ஒன்றுதான்.

ஒரே ஒரு சிக்கல். வரிசையின் நடுவில் கீழே வைத்தால், வழுவழுப்பான அந்த முள்ளிலிருந்து கண்ணிகள் நழுவிவிடும். அத்தனை உழைப்பும் அவிழ்ந்துபோகும். அதனால் யார் கூப்பிட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"இந்த வரிசை முடியட்டும்."

முப்பது கண்ணி அகலத்துக்குப் பின்னியவரை இதனால் கெடுதல் வரவில்லை. சுண்டு இரண்டாம் முறை "அம்மா" என்பதற்குள் வரிசை முடிந்துவிடும். அவளும் எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் அந்தப் பக்கம் நரி வந்தான். வேலம்மா முள்ளை விரித்தாள். நரி பத்தடி தள்ளியே உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, இது நீங்க பின்னினதா? எங்க காட்டுல இப்படி ஒரு கை கிடையாது."

வேலம்மாவை யாரும் பாராட்டியதில்லை. கணவன் ஒருமுறை அவள் பின்னியதில் கால் துடைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

"ஏதோ பொழுதுபோக்கா பின்றேன் தம்பி."

"ரெண்டு குட்டியை வெச்சுக்கிட்டு உங்களுக்கு ஏதுக்கா பொழுது?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்க, எங்கிருந்தோ ஒரு நரி வரவேண்டியிருந்தது. விரித்த முள் தானாகப் படிந்தது.

"ஆனா ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றான் நரி. "இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டுக் கோவணம் அகலத்துக்கா பின்றது? இருநூறு கண்ணி போடுங்க. குடும்பமே போர்த்திக்கலாம். பனிக்காலம் வருதே. மயிர் நான் கொண்டுவரேன்."

சொன்னபடியே வாய் நிறையக் கவ்விக்கொண்டு வந்து போட்டான். ஆடு கொடுத்ததா, ஆட்டிடம் எடுத்ததா என்று வேலம்மா கேட்கவில்லை. இலவசமாக வரும் நூலிடம் யார் ஊர் பேர் கேட்கிறார்கள்?

இருநூறு கண்ணி ஏற்றினாள். வாய்விட்டு எண்ணியபடி பின்னினாள். ஒரு வரிசை முடிய வெகுநேரம் பிடித்தது. நரி தினமும் வந்து எதிரே படுத்துக்கொண்டு கேட்டான். அவள் எண்ண எண்ண, அவன் வாலும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. ரசனை உள்ள பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் நல்ல மூடுபனி. கூரி நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டு தாயின் காலடியில் இருந்தாள். சுண்டு ஓடைப்பக்கம் காளான் தேடிப் போயிருந்தான். நரியை அன்று காணவில்லை. வேலம்மா புது வரிசை தொடங்கினாள்.

ஐம்பதாவது கண்ணியில் சுண்டுவின் குரல் வந்தது.

"அம்மா, நரி மாமா இங்க இருக்காரு."

"சரி, இந்த வரிசை முடியட்டும்."

தொண்ணூறில் மறுபடியும்.

"அம்மா, கிட்ட கிட்ட வராரு."

"வரிசை முடியட்டும்னு சொன்னேன்ல? முடிச்சிட்டு வரேன். தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ரெண்டு..."

நூற்று நாற்பதில் அவள் கை நின்றது. மூன்றாவது குரல் வரவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. சத்தம் நின்றால்தான் பயம்.

வேலம்மா ஊசிகளை வீசினாள். கண்ணிகள் வரிசையாக நழுவி விழுந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் ஓடினாள்.

ஓடைக்கரையில் ஒரு பட்டமரம் கிடந்தது. அதன் பொந்துக்குள் சுண்டு சுருண்டு கிடந்தான். நரி பொந்து வாயில் முன்கால்களை ஊன்றி, சாவகாசமாக மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன் திடுக்கிட்டான்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் அறுபது கண்ணி பாக்கி இருக்கணுமே!"

வேலம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பாராட்டு எதற்கு, இருநூறு எதற்கு, அந்த வால் எதைத் தட்டித் தட்டி எண்ணியது என்று.

"அறுபதையும் உனக்கே போடறேன்டா, வாங்கிக்கோ" என்றாள்.

முள்ளம்பன்றி முகத்தைக் காட்டிச் சண்டை போடாது. வேலம்மா திரும்பினாள், முட்களை விரித்தாள், பின்பக்கமாகவே பாய்ந்தாள். நரியின் மூக்கில் ஏழு, தோளில் பதினொன்று. அலறிக்கொண்டு ஓடியவன் பனியில் மறைந்தான்.

சுண்டு வெளியே வந்தான். உடம்பெல்லாம் மண். நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, மூணாவது தடவை கூப்பிட்டா என்ன?"

"நீதான் வரிசை முடிச்சிட்டு வரேன்னு சொன்னியே. அதான் காத்துக்கிட்டிருந்தேன்."

வேலம்மா அவனை வயிற்றோடு அணைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வளைக்குத் திரும்பும்போது காட்டுக்கோழி காத்திருந்தாள். இந்த மாதிரி நேரத்துக்கென்றே வருகிறவர்கள் உண்டு.

"நான் அப்பவே சொன்னேன். அந்தப் பின்னல் சனியனைத் தூக்கி ஓடையில போடு."

"போடமாட்டேன்" என்றாள் வேலம்மா. "தப்பு நூல் மேல இல்லை. அகலத்து மேல."

உள்ளே கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. நாளையிலிருந்து சாயங்காலம் குட்டிங்க உங்ககிட்ட. தூங்கினா உங்க முதுகு முள்ளுதான் எனக்கு அடுத்த ஊசி."

மறுநாள் அவள் இருநூறு கண்ணிக் கம்பளியை முழுதாக அவிழ்த்தாள். கூரி நூலை உருட்டினாள். பிறகு வேலம்மா இருபதே கண்ணி ஏற்றினாள். ஒடுக்கமான பட்டை. பனிக்காலத்துக்குள் பத்துப் பட்டை பின்னி ஒன்றோடொன்று சேர்த்தால் அதே கம்பளிதான்.

பத்து நாள் கழித்து, மூக்கு வீக்கம் வடிந்ததும், நரி புதருக்குப் பின்னால் வந்து பதுங்கினான். வேலம்மா வரிசை தொடங்கினாள். அவன் வால் எண்ணத் தொடங்கியது. "அம்மா" என்றான் சுண்டு. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நரி புதரைவிட்டு ஒரு கால் எடுத்து வைப்பதற்குள் வேலம்மா எழுந்து, திரும்பி, முள்ளை விரித்து நின்றாள்.

நரி தூக்கிய காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

பிள்ளைகள் சிறிசாக இருக்கிறார்கள் என்பதற்காகத் தாய் தன் ஆசையை ஓடையில் போட வேண்டியதில்லை. பிள்ளை இரண்டாம் முறை கூப்பிடுவதற்குள் முடிகிற அகலத்தில் அதை வைத்துக்கொண்டால் போதும்.