கீரை முளைத்த தொழில் மண்டலம்

"அந்தக் கரையில கீரைதான் முளைக்கும். கம்பெனி முளைக்காது."

பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்ற ஒரு லாரி டிரைவர் இன்னொருவரிடம் சொன்னார். இருவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அது கிழக்கு மண்டலத்தின் காதில் விழுந்துவிட்டது.

சீனாவில் ஒரு நகரத்து ஆற்றின் இரு கரையிலும் இரண்டு தொழில் மண்டலங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நாளில் திறப்பு விழா நடந்தது. காலையில் கிழக்குக்கு ரிப்பன் வெட்டினார்கள், மத்தியானம் மேற்குக்கு. அந்த அரை நாள் வித்தியாசத்துக்காக மேற்கு மண்டலம் கிழக்கை 'அக்கா' என்று கூப்பிட்டது. வெளிநாட்டு விருந்தாளி வருவதற்கு முன்பே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சாலை போட்டு, குழாயும் கம்பியும் இழுத்து வைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். இரண்டுக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான் செய்தார்கள்.

மூன்றாவது வருடம் மேற்கில் ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. கிழக்கில் சூஃபென் வந்தாள்.

சூஃபென் பக்கத்து அடுக்குமாடியில் குடியிருந்தவள். ஐம்பது வயதுக்காரி. இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே என்று வாளியும் மண்வெட்டியுமாக வந்து, மண்டலத்தின் நட்டநடுவில் கீரை போட்டாள். 'இங்கே பயிரிடக் கூடாது' என்ற பலகையில் தன் கோட்டை மாட்டிவைத்தாள். மண்டல அலுவலகத்தில் வேலை பார்க்கும் லிங்யூ ஓடிவந்தாள்.

"அத்தை, பலகையில எழுதியிருக்கிறது தெரியலையா?"

"எப்படித் தெரியும்? கோட்டு மறைக்குதே."

லிங்யூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது அவள் கையில் ஒரு கட்டுக் கீரை இருந்தது.

கிழக்குக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு லாரி போனால் அந்தப் பாரம் தன் முதுகில் ஏறியிருக்கக் கூடாதா என்று ஏங்கும். மேற்கின் வாசலில் புதிதாக ஒரு வரவேற்புத் துணி கட்டினால் அன்று முழுவதும் வயிறு எரியும். போதாததற்கு மேற்கு தினமும் காலையில் விசாரிக்கும்.

"அக்கா, இன்னிக்கு என்ன போட்டாங்க?"

"முள்ளங்கி."

"முளை விட்டிருச்சா?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"சும்மா கேட்டேன். நேத்து எங்கிட்ட இன்னும் நூறு பேர் வேலைக்குச் சேர்ந்தாங்க."

அந்த நூறு பேரின் செருப்புச் சத்தம் கிழக்குக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது.

ஒருநாள் லிங்யூ அலுவலக வாசலைக் கழுவிவிட்டாள். அந்நிய முதலீடு என்ற வெளிநாட்டு விருந்தாளி நிலம் பார்க்க வருகிறாராம். ஊரெல்லாம் அவரைப் பற்றித்தான் பேச்சு. எங்கே போனாலும் ஒரே ஒரு கைப்பெட்டியோடு போவார். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்.

கிழக்கு ரோஷத்தை விழுங்கிக்கொண்டு எதிர்க்கரையைக் கேட்டது. "அவருக்கு என்ன பிடிக்கும்?"

மேற்கு முதலில் அக்காவின் பாத்தியை எட்டிப் பார்த்தது. பிறகு, "சுத்தம் பிடிக்கும்க்கா. கீரையும் முள்ளங்கியுமா கிடந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்" என்றது.

அன்றே கிழக்கு, வேர்களின் அடியிலிருந்த ஈரத்தையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டது.

"என்ன செய்யறே?" என்று கத்தின கீரைகள். "அந்தம்மா காலையிலதானே தண்ணி ஊத்துனாங்க!"

"நீங்க இருந்தா எனக்கு அவமானம்."

"நாங்க போயிட்டா அவர் இங்கேயே தங்கிருவாரா?"

"தங்குவார். எதிர்க்கரையில தங்கலையா?"

சூஃபென் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிப் பார்த்தாள். கிழக்கு அதையும் உறிஞ்சிக்கொண்டது. நான்காம் நாள் பாத்தி முழுக்க மஞ்சளாகச் சாய்ந்துகிடந்தது. பிடுங்கிப்போட மனம் வராமல் அவள் அப்படியே விட்டுப்போனாள்.

மறுநாள் முதலீடு வந்தார். லிங்யூ சாலையைக் காட்டினாள், குழாயைக் காட்டினாள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கிழக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டையாகக் கிடந்தது. பாத்தியருகே வந்ததும் அவர் நின்றார். குனிந்து ஒரு மஞ்சள் இலையை எடுத்தார்.

"முன்னால் இந்த இடத்தில் என்ன இருந்தது?"

"வயல்தான் ஐயா."

"வயலா? தண்ணீர் ஊற்றிய தடம் தெரிகிறது. ஆனாலும் எல்லாம் செத்துக் கிடக்கிறதே." இலையைக் கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். "மண்ணுக்குள் ஏதோ கொட்டிப் புதைத்திருக்கிறார்கள். விஷ மண்ணில் நான் கால் வைக்க மாட்டேன்."

"விஷம் இல்லை! நான்தான் உறிஞ்சினேன்! உங்களுக்காகத்தான் உறிஞ்சினேன்!" என்று கிழக்கு அலறியது. அதற்குள் அவர் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருந்தார். கார் பாலத்தைக் கடந்தது. மேற்கு தன் இரண்டாவது வாசலைத் திறந்தது.

அடுத்த நாள் காலை சூஃபென் வாளியோடு வந்தபோது கிழக்கு, அடக்கிவைத்திருந்த ஈரம் முழுவதையும் மேலே அனுப்பியது. பாத்தி சேறாகிவிட்டது. அவள் செருப்பு புதைந்தது. லிங்யூ அலுவலகத்திலிருந்து வந்தாள்.

"அத்தை, இங்கே இனிமே எதுவும் போடாதீங்க. விஷ மண்ணாம். வேலி அடைக்கப் போறாங்க."

"போன வாரம் நீ தின்னியே?"

"தின்னேன்."

"வயித்தை ஏதாவது பண்ணுச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?"

லிங்யூ தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் சொல்லிட்டாரே, அத்தை."

"இருங்க, போகாதீங்க" என்றது கிழக்கு. "இப்போ போடுங்க. என்ன போட்டாலும் வளர்த்துத் தர்றேன்."

சூஃபென் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். மேற்கு மண்டலத்தின் மதிலுக்கு வெளியே ஒரு முழ அகலத்துக்கு வெறும் மண் இருந்தது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.