பின்னால் ஒரு பாதை

கோட்டைச்சாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. சமவெளியில் முப்பது வருஷம் கோடாலி பிடித்த கை. மரம் சாயும்போது மனுஷன் அடிமரத்தை விட்டு அசைய மாட்டார். இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மரம் வெட்டவே வந்தார் என்று சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவர் மலையேறி வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான எஸ்தரிடம் சீடராகச் சேர்ந்தார். சாய்ந்த மரத்தைச் சேதாரமில்லாமல் இறக்குவதில் அவளை அடிக்க ஆளில்லை. தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு அவள் வாத்தியாரம்மா.

மூன்று மாதம் ஓடிப்போனது. வாத்தியாரம்மா ரம்பத்தைத் தொட விடவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பின்பக்கம் புதர் வெட்டிப் பாதை போடச் சொன்னாள், அவ்வளவுதான்.

"மரம் வெட்ட எப்பம்மா கத்துத் தருவீங்க?"

"ஓடக் கத்துக்கிட்டீங்களாண்ணே?"

கோட்டைச்சாமிக்கு வந்ததே கோபம்! "மரத்துக்கு முதுகு காட்டுற ஆளு நான் இல்லம்மா."

எஸ்தர் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனிக் காற்றில் பால்வாடிக்கு அருகே நின்ற சில்வர் ஓக் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பால்வாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இருபதடி இடம். வெட்டினால் அதற்குள் விழ வேண்டும். கொஞ்சம் பிசகினால் கூரை போச்சு. பிள்ளைகளை எல்லாம் தூரமாகக் கூட்டிப் போய்விட்டார்கள்.

எஸ்தர் மெஷின் ரம்பத்தை நீட்டினாள். "இன்னைக்கு நீங்கதான்."

கோட்டைச்சாமி வாங்கக் கை நீட்டினார்.

"பாதை போட்டாச்சா?"

"ஆச்சும்மா."

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். பதினோராவது எட்டில் ஒரு கொடி காலைத் தட்டியது. தடுமாறி நின்றாள்.

"இதையும் எடுத்துடுங்க."

எடுத்தார். பிறகுதான் ரம்பம் கைக்கு வந்தது.

மூன்று மாதம் எஸ்தர் செய்யப் பார்த்தபடியே, சாய்ந்த பக்கம் ஆப்பு வடிவில் வாய் வெட்டினார். இனி பின்னாலிருந்து நேராக அறுத்தால் மரம் நெடுக்காகப் பிளந்து அறுக்கிறவன் முகத்தில் எகிறும். அதனால் ரம்பத்தை நடுமரத்தில் குத்தி இறக்கினார். முன்னால் மூன்று விரல் கனம், பின்னால் நாலு விரல் கனம் அறுக்காமல் விட்டார். கடைசியில் பின்னால் விட்ட அந்த நாலு விரல் கனத்தை அறுத்தார்.

மரம் முனகியது.

பழக்க தோஷம், கை இடுப்புக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தவளின் நினைப்பு வந்தது. ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

தரை அதிர்ந்தது. அடிமரம் பின்னால் துள்ளி வந்து அவர் நின்ற இடத்தை உழுதுவிட்டுப் படுத்தது.

ஒதுங்கி நின்ற ஜனங்கள் ஓடி வந்தார்கள். அப்புறம் விசில் என்ன, கைதட்டல் என்ன! "ஒரு ஓடு நகரலய்யா!" என்று கத்தினார்கள். பால்வாடி டீச்சர் அழுதேவிட்டார். நாலு பேர் கோட்டைச்சாமியைத் தோளில் தூக்கிக் கூத்தாடினார்கள். இந்த வயசிலும் பெருமை தாங்காமல் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறங்கியதும் நேரே எஸ்தரிடம் வந்தார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. நான் கத்துக்கிட்டேனா?"

"மரம் எப்படிண்ணே விழுந்துச்சு? அழகா விழுந்துச்சா?"

கோட்டைச்சாமி விழுந்து கிடந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எங்கம்மா பார்த்தேன்?"

"அப்ப கத்துக்கிட்டீங்க" என்றாள் எஸ்தர்.